சூடி சௌக்கியம்

ஆறுமுகநயினாரின் வீட்டில் கதவு ஒன்றுதான் பாக்கி.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கி, பத்தடிக்கு எட்டடியில் அந்த வீட்டைக் கட்டியிருந்தான். கட்டினான் என்பதைவிடப் பொறுக்கினான் என்பதுதான் பொருத்தம். சண்டை முடிந்து அமெரிக்கப் பட்டாளம் கப்பலேறிப் போன 1946ஆம் வருஷம் அது. அவர்கள் விட்டுப்போன பெட்டிகளின் பலகை சுவராயிற்று. தார் டிரம்மை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரம் கூரையாயிற்று. ஒரு பலகையில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அதை அவன் தலைகீழாக அடித்துவிட்டான். படித்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நயினாருக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலும் கையெழுத்துப் போடுவதோடு சரி.

இந்த வீடு பேராச்சிக்காக. போன வருஷம் வைகாசியில் கல்யாணம். இரண்டு மாதம் நாங்குநேரிப் பக்கத்து ஊரில் அவளோடு இருந்துவிட்டு அவன் பம்பாய்க்கு ரயிலேறினான். அப்போது எட்டு ஆண்கள் ஒண்டியிருந்த அறையில் அவனுக்கு ஒரு பாய் அகலம்தான் இடம். அங்கே பெண்டாட்டியை எப்படிக் கூட்டிவர முடியும்? பேராச்சியின் சித்தி ஒருத்தி ஏற்கெனவே தாராவியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே வாசலுக்கு வாசல் சாக்குத்தான் தொங்குகிறது என்று கதை கதையாகச் சொல்லியிருந்தாள். அதனால் கிளம்புகிற அன்று பேராச்சி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாக்குத் தொங்குத வீட்டுல என்னால இருக்க முடியாது. உள்ள நின்னு தாழ் போடுத மாதிரி ஒரு கதவு போடுங்க. அன்னைக்கே வாரேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு கதவுதான? ஆறு மாசத்துல போட்டுருதேன் பாரு" என்று நயினார் சிரித்தான். மாட்டுங்காவில் மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கிறவன். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டுகிறவன். ஒரு கதவு அவனை என்ன செய்துவிடும் என்ற தெனாவட்டு.

கதவு அவனைப் படுத்திவைத்த பாடு கொஞ்சமில்லை. முதலில் அதே பெட்டிப் பலகையில் கதவு செய்து, கீல் வைத்துத் திருகாணி போட்டான். மெத்தென்ற மரம். சின்னத் திருகாணி பிடிக்கவில்லை, பெரிய திருகாணி பலகையைப் பிளந்தது. பித்தளைத் திருகாணி முறுக்கும்போதே தலை துண்டாகிக் கையோடு வந்தது. கதவு மூன்று தடவை விழுந்தது. மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு சபுராவின் அடுப்பின்மேல் விழுந்து மீன்குழம்பைக் கவிழ்த்துவிட்டது.

"நயினாரண்ணே, உங்க பெண்டாட்டி வந்து சேருறதுக்குள்ள எங்க வீட்டை இடிச்சிராதிய" என்றாள் சபுரா. சாக்குத் திரைக்குள்ளேயே நாலு பிள்ளைகளை வளர்த்தவள் அவள்.

அப்புறம்தான் குர்லாவில் அமெரிக்கப் பட்டாளச் சாமான் ஏலம் விடுகிற இடத்திலிருந்து ஒரு லாரியின் பின்பலகையைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். இரும்புச் சட்டம் போட்ட பலகை. அதோடு சாண் நீளத்தில் நாலு போல்ட்டுகள். வாசலுக்கு வாங்கி நிறுத்தியிருந்த பழைய தேக்கு நிலையில் துளைபோட்டு அந்த நாலு போல்ட்டையும் முடுக்கிவிட்டால் யானை வந்து முட்டினாலும் அசையாது. ஆனால் போல்ட்டுகளுக்கு நட்டு இல்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போல்ட்டின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடுகிற வெட்டுக்குப் பம்பாய்ப் பட்டறைகளில் சூடி என்று பெயர். ஹிந்துஸ்தானியில் வளையலுக்கும் அதே சொல்தான். நயினார் பதினைந்து வயதில் ஊரைவிட்டு வந்து தொழிலை இங்கேதான் கற்றான். அதனால் நட்டு முடுக்கும் பானா, திருகாணி திருகும் பேச்கஸ், சூடி என்று எல்லாமே அவனுக்கு இந்த ஊர்ப் பெயரில்தான் தெரியும். சொந்த ஊரில் இவற்றை என்னவென்று சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

இங்கிலீஷ் போல்ட்டும் அரை அங்குலம், அமெரிக்க போல்ட்டும் அரை அங்குலம். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இங்கிலீஷ் சரக்கில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு சுற்று, அமெரிக்கச் சரக்கில் பதின்மூன்று. இதில் அதை மாட்டினால் இரண்டு சுற்று சமத்தாகப் போகும், ஆளுக்கு நம்பிக்கையும் வந்துவிடும். மூன்றாம் சுற்றில் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணும். பலவந்தமாக முடுக்கினால் இரண்டின் சூடியும் நாசம். பம்பாய்க் கடைகளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் நட்டு. புதிதாக போல்ட் செய்துகொள்ளலாம் என்றால் இரும்புக் கம்பிக்குப் பெர்மிட் வேண்டும். இத்தனை பெரிய பட்டணத்தில் நாலு நட்டுக்கு ஒரு மனுஷன் மாதக்கணக்கில் அலைந்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவன் மகாதேவன் வீட்டுக்குப் போவான். மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், ஒரு கம்பெனியில் ஹெட்கிளார்க். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் மலிவாகத் தள்ளிவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் காரை வாங்கி வைத்துக்கொண்டு அவர் பட்ட அவதி தனிக்கதை. கார் ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகம். ஓடினாலும் எஞ்சின் தடதடவென்று ஆடும். நயினார் அதன் அடியில் படுத்து எதையாவது முடுக்கிவிட்டு வருவான். கை கழுவியதும் மகாதேவனின் மனைவி ராஜலக்ஷ்மி காபி கொடுப்பாள். மகாதேவன் தபால் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பார். பேராச்சிக்குக் கடிதம் அவர் கையால்தான் போகும்.

நயினார் மூச்சுவிடாமல் சொல்வான். "தகரம் போட்டாச்சு, செவரு அடிச்சாச்சுன்னு எழுதுங்க சாமி. கதவுக்குப் போல்ட்டு கெடச்சுது. நட்டுத்தான் கெடைக்கல. சூடி பொருந்தி வரமாட்டேங்கு. பெலவந்தம் பண்ணுனா சூடி கெட்டுப் போகும். அதான் பொறுத்துப் பாக்கேன்னு எழுதுங்க."

மகாதேவனின் கை ஆபீஸ் கை. பத்து வார்த்தை சொன்னால் மூன்றாக நறுக்கிவிடும். "கார்டுலே எங்கேடா இத்தனைக்கு இடம்? போல்ட்டு, நட்டெல்லாம் அவளுக்கு எதுக்கு? சாரத்தை எழுதறேன்" என்று சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டினார். 'வீட்டுக் காரியம் நடக்கிறது. சூடி பொருந்தி வராமல் தாமதம். பலவந்தம் பண்ணினால் கெட்டுவிடும். பொறுத்துக்கொள்ளவும்.'

"அம்புட்டுத்தான் சாமி, அச்சா சொல்லிட்டிய" என்று நயினார் கீழே கையெழுத்தைப் போட்டான்.

அடுத்த மாதக் கார்டில் இப்படி எழுதினார்: 'தினமும் பட்டறை விட்டதும் சூடியோடுதான் பொழுது போகிறது. சூடி மட்டும் அமைந்துவிட்டால் வீட்டுக்கு வேறு குறையில்லை.'

அதற்குப் பேராச்சியிடமிருந்து பதில் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவளுக்காக எழுதியது. மகாதேவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். 'சூடி அமைந்தால் எனக்கும் சந்தோஷந்தான். உங்கள் மனம்போல் நடக்கவும். என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நான் யாருக்கும் இடைஞ்சலாக வர மாட்டேன்.'

நயினாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடக்கிற சண்டையில்கூடப் புருஷனுக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று பூரித்துப் போனான். "சமத்துப் பொண்ணுடா" என்றார் மகாதேவன்.

ராஜலக்ஷ்மி காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "ஏன்னா, இடைஞ்சலா வரமாட்டேன்னு எழுதியிருக்காளே, அது என்ன?" என்று கேட்டாள்.

"வேலைக்கு இடைஞ்சலா வரமாட்டேங்கறா. இதுகூடவா புரியலே நோக்கு?" என்றார் அவர். ராஜலக்ஷ்மி காபி டம்ளரை நயினார் முன்னால் வைத்தாள். அவள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்காமல் போனாள், என்ன செய்வது.

மார்கழியில் ஒரு ஞாயிறு நயினார் காரின் எஞ்சினைத் தாங்கும் நாலு போல்ட்டையும் ஒருவழியாகக் கழற்றினான். துருவும் கிரீஸும் அப்பியிருந்த அவற்றை மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்துச் சுற்றுகளை எண்ணினான். அங்குலத்துக்குப் பதின்மூன்று. போல்ட்டுகள் வளைந்து தேய்ந்து கிடந்தன. நட்டுகளோ புதுக்கருக்கு மாறாதவை. எந்தப் புண்ணியவானோ அந்த இங்கிலீஷ் காரில் அமெரிக்கச் சரக்கை மாட்டிவிட்டிருந்தான்! அத்தனை மாதமாக அவன் ஊரெல்லாம் தேடிய நாலு நட்டும் ஞாயிறுதோறும் அவன் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

"எடுத்துண்டு போடா, எனக்கெதுக்கு" என்றார் மகாதேவன். காருக்கு இங்கிலீஷ் போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கினான். எஞ்சின் ஆட்டம் நின்றது. அப்படியே தாராவிக்கு ஓடினான். முதல் நட்டு போல்ட்டில் ஏறி, இரண்டாம் சுற்றுத் தாண்டி, மூன்றாம் சுற்றும் தாண்டி, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கடைசிவரை போனது. நயினார் வாய்விட்டு அழுதுவிட்டான். சபுரா பதறிப்போய் ஓடிவந்தாள். அவன் கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ் போட்டான், திறந்தான், மறுபடி போட்டான். வெளியே நின்ற அவளைத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். அவள் தோளைக் கொடுத்து முட்டியும் கதவு அசையவில்லை.

அடுத்த ஞாயிறு கார்டில் அவன் சந்தோஷத்தையெல்லாம் மகாதேவன் நாலு வரிக்குள் அடக்கினார். 'சூடி வீட்டுக்கு வந்தாச்சு. நல்ல கெட்டியான சூடி. எனக்கு ரொம்பத் திருப்தி. இனி நீயும் வந்துவிட்டால் வீடு நிறைந்துவிடும்.'

தை போயிற்று, மாசி போயிற்று. பதில் இல்லை. பங்குனிக் கடைசியில் பேராச்சியின் அண்ணன் சுயம்புவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'பேராச்சி காரியம் ஊரில் பேசி முடித்தாயிற்று. சித்திரை பத்தாம் தேதி நான் நேரில் வருகிறேன். மற்றவை நேரில்.'

"பேசி முடிச்சாச்சாம். கூட்டிண்டு வராண்டா" என்றார் மகாதேவன். நயினார் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். இரும்பு அடுப்பு வாங்கினான். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். நட்டுகளில் மட்டும் பெயின்ட் படாமல் துணி சுற்றிக் காப்பாற்றினான்.

தாதர் ஸ்டேஷனில் சுயம்பு தனியாக இறங்கினான். நயினார் அவனைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"பேராச்சி எங்க மச்சான்?"

"மொதல்ல வீட்டைக் காட்டும்" என்றான் சுயம்பு. முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வேண்டாம் என்றான். வீட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் தங்கையை அனுப்புவான்போல என்று நயினார் நினைத்துக்கொண்டான். பெண் கொடுத்தவர்களுக்கு அந்தப் பவிசு இருக்கத்தானே செய்யும்.

வீட்டு வாசலைச் சபுரா பெருக்கிக்கொண்டிருந்தாள். புதுப்பெண் வருகிறாள் என்று கோலமாவு வேறு வாங்கி வைத்திருந்தாள். சுயம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவதான் சூடியா?"

"யா அல்லா! நான் பக்கத்து வீடு" என்று சபுரா துடைப்பத்தைப் போட்டுவிட்டு விலகினாள்.

நயினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மச்சான், இவ எப்படிச் சூடியாவா? சூடி உள்ளல்லா இருக்கு. வாரும், காட்டுதேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தினான். "இந்தா பாரும். இதுக்குத்தான் ஏழு மாசம் நாயா அலஞ்சேன். அமெரிக்கச் சூடி. தொட்டுப் பாரும், எப்படி உக்காந்திருக்குன்னு."

சுயம்பு தொட்டுப் பார்த்தான். விரலால் அந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவினான். மறுபடி முதலிலிருந்து தடவினான்.

"இது மரையல்லா வே" என்றான். "கம்மல்ல இருக்குமே, மரை. இதையா சூடின்னு எழுதுனீரு?"

"மரையா? இங்க எல்லாரும் சூடின்னுதான மச்சான் சொல்லுவாவ."

சுயம்பு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சு நழுவி விழுந்தது. அது என்னவென்று நயினார் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதில் மின்னிய பொன் அவன் கட்டியது.

நாங்குநேரிப் பக்கம் சூடிக்கொடுத்தாள் என்று பெண்களுக்குப் பெயர் வைப்பார்கள். கூப்பிடுவது சூடி. பேராச்சியின் தெருவிலேயே இரண்டு சூடிகள் உண்டு. கார்டு வந்த நாளெல்லாம் வாத்தியார் அதை ஊர் மடத்து வாசலில் வைத்து உரக்கப் படித்திருக்கிறார், தெருவே கேட்டிருக்கிறது. பட்டறை விட்டதும் சூடியோடுதான் பொழுது போகிறது என்று கேட்டபோது பேராச்சி அழவில்லையாம். புளி கரைத்துக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து போய்விட்டாளாம். சூடி வீட்டுக்கு வந்தாச்சு, நீயும் வா என்ற கார்டு வந்த அன்று கிணற்றடியில் ஒருத்தி சிரித்திருக்கிறாள். மறுநாள் பேராச்சி தானே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்று தாலியைக் கழற்றி வைத்தாள். அவர்கள் வழக்கத்தில் புருஷன் வேறொருத்தியோடு குடியேறிவிட்டால் பெண் வீட்டார் உறவைத் தீர்த்துவிடலாம். தீர்ந்தவளை இன்னொருவன் கட்டிக்கொள்வதிலும் குறையில்லை. மாசியில் மளிகைக் கடை வைத்திருந்த பிரம்மநாயகத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"இதை உம்ம மூஞ்சில எறிஞ்சிட்டு, செவிட்டுல ரெண்டு வச்சிட்டு வரணும்னுதான் ரயிலேறினேன்" என்றான் சுயம்பு. தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஒரு வார்த்தை நேர்ல வந்து கேக்காம போனமே வே. பாவி, ஒரு வார்த்தை."

நயினார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில், "அவரு வீட்டுல கதவு இருக்கா?" என்று கேட்டான்.

"யாரு வீட்டுல?"

"அவ இருக்க வீட்டுல."

"இருக்கு. ரெட்டைக் கதவு."

"ஆளு எப்படி?"

"நல்லவன். குடி கெடையாது. அதிர்ந்து பேச மாட்டான்."

"சிரிக்காளா?"

சுயம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு மாசம் வாயே தொறக்கல. இப்பத்தான், நான் கெளம்புததுக்கு முன்னால, என்னமோ சொல்லிச் சிரிச்சா." சட்டென்று எழுந்தான். "நான் போறேன். போயி நடந்ததைச் சொல்லுதேன். ஊரைக் கூட்டுதேன்."

"சொல்லாதீரும்" என்றான் நயினார்.

"என்னது?"

"சொன்னா அவ அங்கயும் இருக்க முடியாது, இங்கயும் வர முடியாது. நான் தப்புப் பண்ணல்லன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்காது மச்சான். எனக்குத் தெரியும் அவளை. சூடின்னு ஒருத்தி இருக்கா. பாத்தேன்னு சொல்லும்."

"ஒம்ம பேரு கெட்டுப் போகுமே வே."

"போயிட்டுப் போகுது."

சுயம்பு எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். நயினார் அசையவில்லை. சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது சுயம்பு வாசலில் தயங்கி நின்று, "சூடி எப்படி இருந்தான்னு அவ கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றான்.

"கேக்க மாட்டா." நயினார் கொஞ்சம் யோசித்தான். "கேட்டா, உன் அழகுல பாதி கெடையாதுன்னு சொல்லும்."

அந்த ஞாயிறு அவன் மகாதேவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். மகாதேவன் கேட்டுவிட்டு, "நான்தானேடா நறுக்கி நறுக்கி எழுதினேன்" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டார். சமையலறையில் ராஜலக்ஷ்மி விசும்புவது கேட்டது. நயினார்தான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் கூப்பிடாமலே காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆவணியில் சுயம்புவிடமிருந்து கார்டு வந்தது. 'பேராச்சி உண்டாகியிருக்கிறாள். பூரண சௌக்கியம். சூடியை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.'

மகாதேவன் அதைப் படித்துவிட்டு நிமிரவேயில்லை. அவராகவே ஒரு புதுக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டார். நயினார் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"சூடி சௌக்கியம்னு எழுதுங்க சாமி."

அவர் எழுதினார். கார்டில் முக்கால்வாசி இடம் வெள்ளையாகக் கிடந்தது. "இன்னும் இடம் நிறைய இருக்குடா. எவ்வளவு வேணுமானாலும் சொல்லு, அப்படியே எழுதறேன். ஒரு வார்த்தை நறுக்க மாட்டேன்" என்றார் மகாதேவன்.

"போதும் சாமி" என்று சொல்லிக் கார்டை வாங்கி, நயினார் கீழே கையெழுத்துப் போட்டான்.